பாதி ஈரம், பாதி காய்ச்சல்

நாய்க்கு நடை வேண்டும். கிளிக்குப் பேச்சுத்துணை வேண்டும். ஐசோபாடுக்கு வேண்டியது உதிர்ந்த இலையும் கொஞ்சம் ஈரமும்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இந்தப் பதினான்கு கால் பிராணியை வீட்டில் வளர்க்கிறார்கள். சிலருடைய பொழுதுபோக்காக இருந்தது இன்று நல்ல வியாபாரமாகிவிட்டது.

பெயர்தான் புதிது, ஆள் பழையவர். பூந்தொட்டியை நகர்த்தினால் அடியிலிருந்து சிதறி ஓடும் சாம்பல் நிறக் கூட்டம் இதுதான். சில வகைகள் தொட்டதும் மிளகு போல உருண்டுகொள்ளும். பார்ப்பதற்குப் பூச்சி, உண்மையில் நண்டு, இறால் வகையறா. கடலை விட்டுக் கரையேறியும் கடல் பழக்கத்தை முழுதாக விடவில்லை. உடலின் அடிப்புறத்தில் உள்ள சுவாச உறுப்புகள் ஈரமாக இருந்தால்தான் மூச்சு விட முடியும். பெண் பிராணி முட்டைகளைச் சுமப்பதுகூட நீர் நிறைந்த ஒரு பையில். வெளியே வரும் குஞ்சுக்கு ஆறு ஜோடிக் கால்கள். ஏழாவது ஜோடி பிறகு தோல் உரிக்கும்போது வருகிறது.

வளர்ப்பு ரகசியமும் ஈரத்தில்தான் இருக்கிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், அடியில் மண், மேலே காய்ந்த இலைகள், மக்கிய மரத்துண்டு. டப்பாவின் ஒரு பாதியில் ஈரப் பாசி. மறு பாதி உலர்ந்தே இருக்க வேண்டும். புதியவர்கள் அக்கறை மிகுந்து டப்பா முழுவதும் தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். காற்றோட்டமின்றி ஈரம் தேங்கினால் சாவு. முழுக்கக் காய்ந்தாலும் அதே கதி. இரண்டு பக்கமும் இருந்தால் வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடோ முட்டை ஓட்டுத் தூளோ போடுவது வழக்கம்.

சட்டையை இரண்டு தவணையில் கழற்றும் பிராணி இது. முதலில் பின்பாதி, சில நாட்களில் முன்பாதி. எனவே உடல் பாதி வெளுத்துத் தெரிந்தால் பயமில்லை. சாம்பல் நிறக் கூட்டத்தில் ஒன்று திடீரென நீலமாக மின்னினால்தான் கவலைப்பட வேண்டும். அது இரிடோ வைரஸ் தாக்கியதன் அடையாளம், பிழைப்பது அரிது.

இதுவரை எல்லாமே மலிவான சமாசாரம். அபூர்வ வகைகளைத் தேடும்போதுதான் கதை மாறுகிறது. 2010-களின் பிற்பகுதியில் தாய்லாந்தின் சுண்ணாம்புக்கல் குகைப் பகுதியிலிருந்து சந்தைக்கு வந்தது 'ரப்பர் டக்கி'. குளியல் தொட்டியில் மிதக்கும் பொம்மை வாத்து போன்ற மஞ்சள் முகம். விஞ்ஞானிகளுக்கு முன்பே வியாபாரிகள் பெயர் சூட்டிவிட்டார்கள். சாதாரண வகைகள் டஜன் கணக்கில் குஞ்சு பொரிக்கும். இதற்கு விரல் விட்டு எண்ணும்படிதான். பெருக்கி விற்பதைவிடப் பிடித்து விற்பது லாபம் என்ற கணக்கு இங்கேதான் பிறக்கிறது.

சுண்ணாம்புக் குன்று ஒவ்வொன்றும் நிலத்தில் ஒரு தீவு. ஒரு குன்றில் உள்ள சிற்றுயிர் அடுத்த குன்றில் இல்லாமல் இருக்கலாம். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் புக்கிட் பஞ்சிங் என்ற குன்றைக் கல்லுக்காக வெட்டியே தீர்த்தார்கள். அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தை இனமும் அதோடு போயிற்று. ஐசோபாட் பிடிப்பவர்கள் குன்றை வெட்டுவதில்லை. ஆனால் ஒரே குகையை நம்பியிருக்கும் கூட்டத்தை அள்ளிக்கொண்டே இருந்தால் முடிவு வேறாக இருக்க வாய்ப்பில்லை. அறிவியல் பெயரே இல்லாத உயிரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதும் எளிதல்ல.

எனவே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. டப்பாவில் பிறந்ததா, குகையில் பிடித்ததா? விற்பவர் மழுப்பினால் திரும்பிவிடுவது நல்லது. பெருகியதைத் தோட்டத்தில் கொட்டுவதும் தவறு. ஐரோப்பிய வகைகள் மனிதனோடு பயணம் செய்து வட அமெரிக்கா முழுவதும் குடியேறியது பழைய பாடம்.

ஆசை தீர வளர்த்துப் பார்க்க குகைவரை போக வேண்டியதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் இருப்பதும் அதே மாதிரி உருள்கிறது, அதே மாதிரி இலையை மண்ணாக்குகிறது. கேட்பதும் அதே பாதி ஈரம்தான்.