மஜ்ஜை ஊசி முகாம்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பொன்னேரி ரயில் நிலையத்துக்கு வெளியே தொடங்கி மீஞ்சூர் வரை, சில மாதங்களாக ஒரே மாதிரியான ஃபிளெக்ஸ் பேனர்கள் தொங்குகின்றன. முட்டி வலிக்கும் தோள் வலிக்கும் ஆபரேஷன் வேண்டாம், உங்கள் எலும்பு மஜ்ஜையே மருந்து என்கின்றன. கல்யாண மண்டபத்தில் இலவச முகாம். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்து "ஜவ்வு தேஞ்சிருச்சு" என்று சொல்லும் வரைதான் இலவசம். பிறகு சென்னைக்கு வரச் சொல்கிறார்கள்; ஒரு முட்டிக்கே கட்டணம் லட்சத்தைத் தாண்டுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலையில் என்னோடு ஷிஃப்ட் பார்த்த நண்பர், மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டு முட்டிக்கும் ஊசி போட்டுக்கொண்டார். இன்றும் கைப்பிடி இல்லாமல் அவரால் படி ஏற முடியவில்லை. கையில் இருப்பது ஒரு ரசீது மட்டுமே. 'சிகிச்சைக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறது. என்ன சிகிச்சை, யார் அனுமதித்தது என்று ஒரு வரி கிடையாது.

அங்கே நடப்பது இதுதான்: இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுகிறார்கள். இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கி, அன்றைக்கே முட்டியிலோ தோளிலோ செலுத்துகிறார்கள். மஜ்ஜையில் ஸ்டெம் செல் இருப்பது உண்மைதான். ஆனால் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறும் திறனுள்ள வகை பத்தாயிரம் செல்லில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோதான். மண்டபத்து மைக்கில் இதை யாரும் சொல்வதில்லை. மஜ்ஜை என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. வேலூர் சி.எம்.சி. 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்து, ரத்த நோய் வந்த எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்திருக்கிறது. அந்த நல்ல பெயரைத்தான் முட்டி ஊசிக்காரர்கள் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. ரத்தம் சார்ந்த, ஏற்கப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போக, மற்ற எந்த நோய்க்கும் ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவது இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. அதை அனுமதி பெற்ற, கண்காணிப்புள்ள ஆய்வுக்குள்தான் செய்ய வேண்டும். அப்படி ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. முகாம் நடத்துபவர்களோ, "செல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவில்லை, உங்களிடம் எடுத்ததை உங்களுக்கே போடுகிறோம், இது மருந்தே அல்ல" என்று நழுவுகிறார்கள். வழிகாட்டு நெறிக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"ஊசி போட்டுக்கொண்டவர்கள் நன்றாக இருக்கிறோம் என்று மேடையில் சொல்கிறார்களே" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பாருங்கள். இரண்டு முட்டியும் தேய்ந்த 25 பேர். ஒரு முட்டியில் செறிவாக்கிய மஜ்ஜை, இன்னொன்றில் வெறும் உப்புநீர். எதில் எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. வலி குறைந்தது, இரண்டு முட்டியிலும் ஒரே அளவுக்குக் குறைந்தது! ஊசி போட்ட நம்பிக்கை, கொஞ்ச நாள் ஓய்வு, தானாகவே ஏறி இறங்கும் வலியின் குணம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. லட்ச ரூபாய் மஜ்ஜைக்குக் கிடைக்கும் புகழில் உப்புநீருக்கும் சரிபங்கு உண்டு.

2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு பெரியது. முட்டித் தேய்மானம் உள்ள 480 பேர் வரை சேர்த்தார்கள். மஜ்ஜை, கொழுப்பிலிருந்து எடுத்த செல், தொப்புள்கொடி செல் என்று மூன்று வகையையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

இந்தத் துறையே ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. பிரான்சில் ஹெர்னிகூ என்ற மருத்துவரின் குழு, தோளில் கிழிந்த தசைநாணைத் தைக்கும்போது மஜ்ஜையும் செலுத்தி, பத்தாண்டு தொடர்ந்து பார்த்து, தையல் நன்றாக நிலைத்ததாக 2014-இல் எழுதியது. அது ஆபரேஷனோடு சேர்த்துச் செய்தது. முகாமில் அதைக் காட்டி ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்கள். பெங்களூர் நிறுவனம் ஒன்று, கொடையாளர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்லை 146 பேரிடம் முறையாகச் சோதித்து, முட்டித் தேய்மானத்துக்கு 2022-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி பெற்றது. நேர்வழி இருக்கிறது, அதற்குக் காலமும் காசும் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த அனுமதிச் செய்தியை முகாம்காரர்கள் தங்களுடையது போல நகலெடுத்து மண்டபத்தில் விநியோகிப்பது என்ன நியாயம்?

இந்தப் பகுதியில் முட்டி தேயக் காரணங்களுக்குக் குறைவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்க்கும் கான்ட்ராக்ட் வேலை, துறைமுக லாரிகளில் சுமை, பழவேற்காட்டுச் சேற்றில் குந்திக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள். இவர்களுக்கு முதலில் வேண்டியது தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வர வழி இருக்கிறது. முற்றிய தேய்மானத்துக்கான மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறது. சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை. இவற்றுக்கு ஏனோ பேனர் கிடையாது.

தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாத நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இருக்கிறது. ஆகவே மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரையும் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். கடந்த ஓராண்டில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் நடந்த மஜ்ஜை ஊசி முகாம்கள் எவை? எந்த அனுமதியின் பேரில் நடந்தன? ஆய்வு என்றால் அதன் பதிவு எண் என்ன, பணம் வாங்கியது எப்படி? ஆய்வு இல்லை என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்வது எப்போது? அடுத்த முகாமுக்கான பேனர் இப்போதே கட்டியாகிவிட்டது. அதற்கு முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
பொன்னேரி.