கடலின் காலமும் நல்கையின் காலமும்

கடலையும் கடல்வாழ் ஜீவராசிகளையும் பாதுகாக்கும் பணியில் இளைஞர்களைப் பழக்குவதற்கென்று அரசாங்கமும் சர்வகலாசாலைகளும் தர்ம ஸ்தாபனங்களும் இக்காலத்தில் ஏற்படுத்திவரும் ஆய்வு நல்கைத் திட்டங்களை மனமுவந்து வரவேற்க வேண்டும். ஆயினும், அத்தகைய திட்டத்துக்கு விஞ்ஞானத் தலைவராக அமர்த்தப்படுபவருக்கு நாம் வகுத்துக் கொடுக்கும் கடமைகளைப் பார்க்கும்போது, முதன்மையானதொரு கடமை விடுபட்டுப் போயிற்றோ என்ற ஐயம் எழுகிறது. விண்ணப்பங்களைப் பரிசீலித்துத் தக்கவரைத் தேர்ந்தெடுப்பதும், அவர்களுடைய ஆய்வுமுறையைத் திருத்துவதும், கட்டுரைகளைச் செப்பனிடுவதும், நிதி அளித்தோருக்கு அறிக்கை அனுப்புவதும் அவசியமான காரியங்களே. எனினும், ஓர் இளைஞர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரும்படி, ஆண்டுகளைக் கடந்து ஆராய்ச்சியின் இழை அறாமல் காப்பதே அவருடைய தலையாய தர்மம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்குக் காரணம் கடலிலேயே இருக்கிறது. பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் அந்தச் சாதுவான பிராணி, கடற்புல்லை மேய்ந்து 70 ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது. ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனுவது. அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை இடைவெளி விடுவது. நல்கையின் காலமோ பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. ஒரு தாய் அடுத்த கன்றை ஈனுவதற்குள் ஆய்வாளர் இருவரோ மூவரோ வந்து போய்விடுவர் என்றால், அந்த இனம் பெருகுகிறதா அருகுகிறதா என்ற கேள்விக்கு அவர்களில் எவர் தனித்து விடை கூற இயலும்?

மன்னார் வளைகுடா புகட்டும் பாடமும் இதுவே. 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில், சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்ததனால் அலைக்கு அரண் குன்றி, இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப் போயின. பிழைத்திருந்த பவளங்களும் 2010-லும் 2016-லும் கடல்நீரின் மிகுவெப்பத்தால் வெளிறி நலிந்தன. எந்த இனம் மாண்டது, எது தேறி வளர்ந்தது என்று இன்று எவரேனும் சொல்ல முடிகிறதென்றால், குறித்த அதே இடங்களில் அதே முறையில் ஆண்டுதோறும் மூழ்கி அளந்து எழுதிவைத்தவர்கள் இருந்ததனால்தான். வருமானத்துக்கு வழி என்று நம்பி மண்டபம் பகுதியில் வளர்க்கத் தொடங்கிய கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளங்களைப் போர்த்திப் படர்ந்திருந்தது 2008-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. இத்தகைய கேடுகள் நல்கையின் தவணைக்குள் தலைகாட்ட வேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை.

ஆள் மாறினாலும் பணி அறாமல் நடக்க முடியும் என்பதற்குச் சென்னையே சான்று. பங்குனி ஆமைகள் கரையேறும் பருவத்தில், நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவு முழுதும் மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காப்பிடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்கி வருகிறது. மாணவர் படித்து முடித்துப் போகிறார்கள், புதியவர் வருகிறார்கள். நடையும் நிற்கவில்லை, குறிப்பேடும் நிற்கவில்லை. ஊதியம் பெறாத மாணவர்கள் சாதித்திருப்பதை நிதியும் பதவியும் உள்ள திட்டங்கள் சாதிக்காதிருப்பது நியாயமன்று.

இழையைக் காப்பது ஏடுகளைக் காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கரையில் வாழும் மக்களின் நம்பிக்கையைக் காப்பதும் அதில் அடங்கும். எந்தக் காற்றில் நீர் கலங்கும், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும் என்பதை வாழ்நாளெல்லாம் கண்டறிந்த பரதவரிடம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதுமுகம் வந்து அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு, விடையோடு மறைந்துபோவது அவர்களுடைய அறிவுக்கு நாம் இழைக்கும் அவமரியாதை. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் மூழ்கி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், பாசி அழிந்துவிடலாகாது என்று கருதி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவதென்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பின் பரிசைப் பெற்றார். இத்தகையோரை ஆய்வுக்குரிய பொருளாகப் பார்ப்பதை விட்டு, ஆய்வில் பங்காளிகளாகக் கொள்வதற்கு வருஷக் கணக்கில் பழகிய முகம் ஒன்று வேண்டும். அந்த முகமாக நிற்க வேண்டியவர் விஞ்ஞானத் தலைவரே.

ஆகவே, இத்திட்டங்களை நடத்துவோருக்கு என் விண்ணப்பம் இது. விஞ்ஞானத் தலைவரைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு நியமியுங்கள். ஒவ்வொரு நல்கையாளரும் அடுத்தவரோடு சில மாதங்களேனும் சேர்ந்து கடலில் இறங்கிவிட்டே விடைபெற வேண்டும் என்று விதி செய்யுங்கள். நிதியில் ஒரு பங்கை, புதுமை எதுவும் கேளாமல், பழைய அளவைகளைத் தொடர்வதற்கென்றே ஒதுக்குங்கள். ஆய்வின் முடிவு வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போகும் முன்னர் தமிழில் எழுதப்பட்டு மீனவர் கிராமத்தில் வாசிக்கப்படட்டும். கடற்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு நல்கையில் முதலிடம் கொடுங்கள். தவணை முடிந்த பின்னரும் அந்தக் கரையிலேயே தங்கி வாழப்போகிறவர்கள் அவர்கள்தாம்.