குளிர்கால மடலில் எது நிதி, எது உரிமை?

அமெரிக்காவில் குளிர்காலம் தொடங்கும்போது மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள் பலர் தமது தொகுதி மக்களுக்குத் தகவல் மடல் அனுப்புவார்கள். வீட்டைச் சூடாக்கும் செலவுக்கான உதவி, உணவு உதவி, விண்ணப்பிக்கும் வழி எல்லாம் அதில் இருக்கும். இதை வெறும் அரசியல் விளம்பரமாக நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த உதவிகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வெப்பமூட்டல் உதவி 1981இல் உருவானது. அதற்கான பணம் சமஷ்டி அரசிடமிருந்து வருகிறது. 2025 ஒக்டோபர் 1 முதல் நொவெம்பர் 12 வரை அந்த அரசு முடங்கியபோது, பணம் மாநிலங்களுக்குப் பிந்தியே கிடைத்தது. அப்போது சுமார் 4 கோடியே 20 இலட்சம் பேர் பெற்றுவந்த உணவு உதவியும் நொவெம்பரில் தடைப்பட்டது.

மசாசூசெட்ஸில் இன்னொரு ஏற்பாடு உண்டு. பொருளாதார நெருக்கடியிலுள்ள குடும்பம் வீட்டைச் சூடாக்கப் பயன்படுத்தும் மின்சாரத்தையோ எரிவாயுவையோ, நொவெம்பர் 15 முதல் மார்ச் 15 வரை தனியார் நிறுவனங்கள் துண்டிக்க முடியாது. இது மாநில விதி. வாஷிங்டன் முடங்கினாலும் இது முடங்காது. ஆனால் நெருக்கடியை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். நிலுவைக் கட்டணமும் தள்ளுபடியாகாது.

நிவாரணப் பட்டியலில் பெயர் வருமா என்று பிரதேச செயலகங்களில் காத்திருந்த எமக்கு இந்த வேறுபாடு விளங்கும். ஒதுக்கீடு நின்றால் உதவியும் நிற்கும். சட்டத்தில் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். எது நிதி, எது உரிமை, யாரிடம் கேட்பது என்று எழுத்தில் தரும்படி எமது பிரதிநிதிகளையும் கேட்போம்.