யாருடைய காருக்கு யாருடைய பணம்?

காட்டேரிக்குப்பத்தில் கார் நிறுத்த இடமில்லை என்று எவரும் அழுது நாம் கேட்டதில்லை. மர நிழல் இருக்கிறது. கோயில் திடல் இருக்கிறது. அவரவர் வீட்டு வாசல் இருக்கிறது. அப்படியிருக்க, புதுவை நகரத்தில் வாகனங்களை அடுக்கி நிறுத்த மாடிமேல் மாடி எழுப்புவது பற்றி, நகரத்துக்கு வெகுதூரம் தள்ளிக் கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே வாழும் மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் மக்களுக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே செல்வோம்.

புதுவையில் நேரு வீதியில் பிரெஞ்சுக்காரன் காலந்தொட்டு இருந்த சிறைச்சாலை, காலாப்பட்டுக்கு மாற்றப்பட்டது. கைதிகள் போனார்கள், கார்கள் வந்தன. கடைவீதிக்கு வருவோர் வாகனம் நிறுத்தும் வெட்டவெளியாக அந்த வளாகம் பயன்பட்டு வந்தது. அங்கே அடுக்கு வாகன நிறுத்தம் கட்டலாம் என்ற யோசனை, 2017ஆம் ஆண்டில் புதுவை 'ஸ்மார்ட் சிட்டி'ப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காலத்திலிருந்தே அடிபட்டு வருகிறது. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்கள் கடற்கரைப் பக்கத்து வீதிகளை அடைத்து நிற்பதைக் கண்ணால் கண்ட எவரும், ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று ஒப்புவர். நாமும் ஒப்புகிறோம். ஏதாவது என்பது எது, அதற்குக் காசு கொடுப்பவன் எவன் என்பதில்தான் வழக்கு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோவை ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் சாலையில் இத்தகைய அடுக்கு நிறுத்தம் ஒன்று எழுந்துள்ளது. ஏறத்தாழ 370 கார்கள். ஏறத்தாழ 40 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஒரு கார் நிற்கும் இடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல், பதினொரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னைத் தியாகராய நகரில் தணிகாசலம் சாலையில் 2021இல் திறந்தார்களே, 222 கார்களும் 513 இருசக்கர வண்டிகளும் நிற்கும் கட்டடம், அதற்கும் செலவு ஏறத்தாழ அதே 40 கோடிதான். நான்கு இருசக்கர வண்டிகளை ஒரு காருக்குச் சமமாக வைத்தால் அங்கும் அதே பதினொரு லட்சம் வந்து நிற்கிறது. உள்ளே நிற்கப் போகும் காரில் பாதியின் விலை அந்த இடத்தின் விலைக்குக் குறைவாக இருக்கும்! மனையின் மதிப்பை நான் இதில் சேர்க்கவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதினொரு லட்சத்தைக் கடனாக வாங்கியதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எட்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 88,000 ரூபாய். நாளொன்றுக்கு 240 ரூபாய். மணிக்கு 20 ரூபாய் கட்டணம் என்றால், ஆண்டு முழுவதும், மழையிலும் வெயிலிலும், நாள்தோறும் 12 மணி நேரம் அந்த இடத்தில் ஒரு கார் நின்றால்தான் வட்டி மட்டும் அடையும். அசல் அப்படியே இருக்கும். காவலாள், மின்சாரம், தூக்கி, பழுது எல்லாம் தனி. சனி ஞாயிறில் நிரம்பி, செவ்வாயன்று காற்றாடும் புதுவைக்கு இது கட்டுமா? நெல் விற்றுக் கடன் அடைக்கும் உழவனிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் அவன் சிரித்துவிட்டுப் போவான். அவனுக்கு வங்கியில் கடன் கொடுக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறார்கள்!

பெங்களூரில் சுதந்திரப் பூங்காவை ஒட்டி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கார்களுக்காகக் கட்டிய அடுக்கு நிறுத்தம், கட்டி முடித்த பின்னும் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. ஏலம் கூவியும் எடுத்து நடத்த ஆள் வரவில்லை. 2024இல்தான் கதவு திறந்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வாசலுக்கு எதிரே வீதியோரத்தில் இலவசமாக நிறுத்தலாம் என்றால், காசு கொடுத்து மூன்றாவது மாடிக்கு ஏறுபவன் யார்? வீதியை இலவசமாக வைத்துக்கொண்டு கோபுரத்துக்கு வாடகை கேட்பது, ஏரிக் கரையில் உட்கார்ந்து தண்ணீர் விற்பதைப் போன்றது. டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் இதைப் பற்றியே ஒரு பெரும் நூல் எழுதினார். இலவச நிறுத்தம் என்று ஒன்று உலகில் இல்லை, கார் வைத்திருப்பவன் கொடுக்காத காசைக் கார் இல்லாதவன் வேறு வழியில் கொடுக்கிறான் என்பது அந்நூலின் சாரம். ஜப்பானியரோ 1962ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள். நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டினாலன்றி அங்கே காரைப் பதிவு செய்ய முடியாது. இடம் தேடும் பொறுப்பு அங்கே கார் வாங்குபவன் தலையில். இங்கே நகராட்சியின் தலையில்!

இப்போது ஒரு குறுக்குக் கேள்வி வரும். "அரசுக்கு ஏன் செலவு? தனியார் கட்டட்டும், முப்பது ஆண்டு வசூலித்துக்கொள்ளட்டும், பிறகு திருப்பித் தரட்டும்" என்பார்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஐந்தாண்டில் 500 கோடி வரை மத்திய அரசு தருவதாக இருந்தது. அந்தத் திட்டமே 2025 மார்ச் 31ஆம் நாளோடு முடிந்தது. ஆகவே இந்தத் தனியார் பாட்டு இனி இன்னும் உரக்கக் கேட்கும். நம் தோழர்களிலும் சிலர் இதில் மயங்குகிறார்கள்; "ஒரு காசு செலவில்லையே" என்கிறார்கள். நேரு வீதியில் உள்ள மனை காசில்லையா? முப்பது ஆண்டு வசூல் காசில்லையா?

சிகாகோ நகரத்தின் கதையைக் கேளுங்கள். 2008 டிசம்பரில் அந்நகர மேயர், வீதியோரத்தில் கட்டணம் வாங்கும் ஏறத்தாழ 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டுக்குக் குத்தகைக்கு விட்டார். கையில் வந்த தொகை 115 கோடி டாலருக்குச் சற்று மேல். ஒப்பந்தத்தை அறிவித்த இரண்டொரு நாளில் நகர மன்றம் கைதூக்கி முடித்தது. படித்துப் பார்க்கவே பலருக்கு நேரமில்லை. மறு ஆண்டு அந்நகரத்தின் தலைமை ஆய்வாளரே கணக்கெடுத்து, ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டீர்கள் என்று அறிக்கை தந்தார். வந்த பணத்தில் பெரும்பகுதியை இரண்டொரு ஆண்டு வரவுசெலவுப் பள்ளத்தை நிரப்பவே கொட்டித் தீர்த்தார்கள். திருவிழாவுக்காக ஒரு வீதியை மூடினால், அந்த நேரத்து வசூல் நட்டத்தை நகரம் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். போட்ட முதலைக் கம்பெனி ஏற்கெனவே மீட்டுவிட்டது. ஒப்பந்தமோ 2084 வரை ஓடும். பிறக்காத பிள்ளையின் வீதியையும் விற்ற ஒப்பந்தம் அது!

இதைப் புதுவையில் பொருத்திப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வாகனம் வராமல் மறித்து, மக்கள் உலாவ விடுகிறோம். நாட்டிலேயே நல்ல வழக்கங்களில் ஒன்று. நாளைக்கு ஒரு குத்தகைக்காரன் வந்து, "வீதிகளை மூடாதே, பேருந்தைப் பெருக்காதே, என் கட்டடத்துக்கு வரும் காரைக் குறைக்காதே" என்று ஒப்பந்தத்தின் பதினேழாவது பக்கத்தைக் காட்டினால் என்ன செய்வோம்? நல்ல பேருந்து ஓடினால் நட்டப்படுகிறவனை நாமே காசு கொடுத்து வளர்ப்பதா?

நம்மவர் நிலையை இனிப் பேசுவோம். காட்டேரிக்குப்பத்திலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் நாள்தோறும் நகரத்துக்குப் போகிறவர் யார்? துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்கள்; பெரிய மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டும் காய்க்கூடையும் கொண்டு போகிறவர்கள்; கொத்தனார், சித்தாள், மருத்துவமனைக்குப் போகும் நோயாளி. பேருந்தில் போவார்கள், பேருந்து வராத ஊரில் மொபெட்டில் போவார்கள். புதிய கட்டடம் வந்ததும் வீதியோரத்தில் மொபெட் நிறுத்தத் தடை வரும். மணிக்கு ஐந்து ரூபாய் என்று வையுங்கள். பத்து மணி நேரத்துக்கு ஐம்பது. இருபத்தாறு நாளுக்கு 1,300 ரூபாய். கடைப்பெண்ணின் சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு என்று அவளிடமே கேளுங்கள். இரண்டு மணி நேரம் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிற விருந்தாளி நாற்பது ரூபாயோடு போய்விடுவான்.

இதற்கிடையே லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நின்று ஆண்டுகள் ஆகின்றன. ஏ.எஃப்.டி. பஞ்சாலையை 2020இல் ஒரேயடியாக மூடினார்கள். எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் 1936இல் துப்பாக்கிக் குண்டைத் தாங்கிய ஊர் இது. ஆலைக்குப் பணமில்லை என்ற கையே கோபுரத்துக்குப் பணமுண்டு என்று நீளுமானால், அந்தக் கையைப் பிடித்துக் கேட்பது நம் கடமை.

அப்படியானால் கட்டவே கூடாதா என்கிறீர்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வணிகர்களின் குறையில் உண்மை உண்டு. வீதியோரத்தில் வண்டி அடைத்து நிற்பதால் நடந்து போகிறவன் நடுத்தெருவில் நடக்கிறான், முதியவர் விழுகிறார். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் கார்களுக்கு வீதியோரத்தில் நேரத்துக்கேற்ற கட்டணம் வரட்டும். அதற்குக் கான்கிரீட் வேண்டாம், பலகையும் சீட்டும் போதும். அந்தக் காசு பேருந்துக்கும் நடைபாதைக்கும் போகட்டும். ஊருக்குள் நுழையும் முன், ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம் பக்கங்களில் தரைமட்டத்திலேயே வண்டியை நிறுத்தச் செய்து, அங்கிருந்து சிறு பேருந்து விடலாம். ஓராண்டு நடத்திப் பார்த்த பிறகும் இடம் போதவில்லை என்று கணக்கு காட்டினால், அப்போது கட்டுங்கள். நகராட்சியின் பெயரில், நகராட்சியின் மனையில், வேலைக்குப் போகிறவர்களின் இருசக்கர வண்டிக்கு மாதச் சீட்டு மலிவாக வைத்து. நடத்துவதற்கு ஆள் வைக்கலாம். மூன்றாண்டுக்கு மேல் கையெழுத்துப் போடக்கூடாது.

நகராட்சியின் பெயரில் என்று எழுதும்போதே பேனா தடுக்குகிறது, தோழரே! எந்த நகராட்சி? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. பிறகு 38 ஆண்டு உறங்கி 2006இல் நடந்தது. 2011இல் அவர்கள் காலம் முடிந்த பின், அதிகாரிகளே நகராட்சி, அதிகாரிகளே கொம்யூன் பஞ்சாயத்து. 2021இல் நாள் குறித்தார்கள்; அதுவும் நின்றது. நிதிக்குழுவின் வரம்புக்குள்ளும் நாம் இல்லை. மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கு அந்த வழியில் வரும் பணம் நமக்கு வராது. மன்றமும் இல்லை, அந்த மானியமும் இல்லை என்னும்போது, 30 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்துப் போடுகிறவர் எவரோ, அவர் அடுத்த ஆண்டு மாற்றலாகி டில்லிக்கோ அந்தமானுக்கோ போய்விடுவார். கேள்வி கேட்க நாம் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

வில்லியனூருக்கு அப்பால் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் அந்தச் சிற்றூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொம்யூன்களின் நகர்மன்ற உறுப்பினர்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள், எட்டுப் பேர் மறுத்தார்கள். நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஒரு நாட்டின் கொடியை மாற்றும் அளவுக்கு அன்று கொம்யூன் உறுப்பினனின் கைக்கு வலிமை இருந்தது. இன்று மண்ணாடிப்பட்டிலிருந்து பாகூர் வரை ஐந்து கொம்யூன்களிலும், ஒரு கார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கையும் இல்லை.

ஆகவே, அடுக்கு நிறுத்தம் பற்றிய அடுத்த அறிவிப்பு வரும் நாளில், நம் கிளைகள் மறியலுக்குப் பலகை எழுதும் முன், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதட்டும். மனை யார் பெயரில், கடன் யார் தலையில், குத்தகை எத்தனை ஆண்டு, மொபெட்டுக்கு மாதச் சீட்டு எவ்வளவு என்று அதில் கேளுங்கள். மனுவின் நகலைத் துணிக்கடைப் பெண்களுக்கும் மார்க்கெட் வியாபாரிகளுக்கும் படித்துக் காட்டுங்கள். காட்டேரிக்குப்பத்திலிருந்து புறப்படும் முதல் பேருந்திலேயே அதைத் தொடங்கலாம்.