பூட்டிய நிரலும் படிக்காத கண்ணும்

கல்வி நிறைவதற்கு வழி கூறவந்த நன்னூலார், ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டவனுக்கும் காற்கூறே கைவரும் என்றார். உடன்பயில்வாரொடு கலந்து ஆராய்ந்தால் இன்னொரு காற்கூறு சேரும் என்றும், பிறர்க்குத் திருந்த எடுத்துரைத்தால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் வரையறுத்தார். இலக்கணம் கற்பார்க்கென எழுதப்பெற்ற இவ்வரையறை, கணினியின் அடித்தள நிரல்களை எழுதுவார்க்கும் இம்மியும் பிழையாமல் பொருந்துகின்றது. அத்துறையின் அரை நூற்றாண்டு வரலாறே இதற்குச் சான்று.

இன்று நிரலெழுதுவோர் நாள்தோறும் எண்ணற்ற கட்டுரைகளையும் நிரல்களையும் இணையவழியே ஒருவர்க்கொருவர் சுட்டிக்காட்டி வருகின்றனர். ஒருவர் பத்துப் பேர்க்கு அனுப்ப, அப்பதின்மரும் திறந்துபாராமலே நூற்றுவர்க்கு அனுப்புகின்றனர். இதற்குப் பகிர்வு என்று பெயரிட்டுப் பெருமையும் கொள்கின்றனர். பகிர்வது நன்றே. அதனைத் தடுப்பார் தீங்கே செய்கின்றார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், படித்து ஆராய்ந்து உரை சொல்லாத பகிர்வு, சிறுவர் கைமாற்றி விளையாடும் பந்தேயன்றி அறிவாகாது. இவ்விரு கூற்றையும் இரு நிகழ்ச்சிகளால் நிறுவுவோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் தென்னிசு இரிட்சியும் 1969-இல் தொடங்கிய இயங்குதளமே யூனிக்சு. இயங்குதளமாவது, கணினியின் நினைவகத்தையும் வட்டையும் பணிகளையும் முறைப்படுத்தி ஆளும் அடித்தள நிரல். அவ்வாய்வகத்தை உடைமையாகக் கொண்டிருந்த ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனம், 1956-ஆம் ஆண்டின் வழக்குத் தீர்வொன்றால் தொலைத்தொடர்பு நீங்கலான பிற வணிகத்தில் இறங்கக் கூடாதிருந்தது. விற்றுப் பொருளீட்ட வழியில்லாமையால், யூனிக்சின் மூலநிரலைப் பல்கலைக்கழகங்கட்குக் குறைந்த தொகைக்கே வழங்கிற்று. மூலநிரலாவது, மாந்தர் படித்துணரத்தக்க வடிவில் எழுதப்பெற்ற நிரல். அது கையிலிருந்தாலன்றிப் பொறியின் உள்ளே நடப்பதை எவரும் செவ்வையாக அறியவியலாது.

அவ்வாறு பெற்றவற்றுள் ஒன்று, ஆத்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத்து வேல்சு பல்கலைக்கழகம். அங்கு ஆசிரியராயிருந்த சான் இலயன்சு என்பார், இயங்குகின்ற மெய்யான நிரலையே மாணவர் கையிற் கொடுத்துப் படிப்பிக்க முற்பட்டார். யூனிக்சு ஆறாம் பதிப்பின் நடுக்கருவான ஏறத்தாழ 9,000 வரிகளை வரியெண்ணிட்டு ஒரு தொகுதியாகவும், அவ்வரிகட்குத் தாம் எழுதிய உரையை மற்றொரு தொகுதியாகவும் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் ஆக்கினார். நூற்பாவை முன்வைத்து அதன்கீழ் உரை விரிக்கும் நம் உரையாசிரியர் வழக்கை அறிந்தார்க்கு இம்முறை புதிதன்று.

நிரலுக்கும் உரை வேண்டுமோ எனின், கேளுங்கள். கணினி ஒரு பணியை நிறுத்தி மற்றொரு பணிக்கு மாறும் இடத்தில், அந்நிரலை எழுதியோர் ஒரு குறிப்பு வைத்திருந்தனர். படிப்பவர் இதனைப் புரிந்துகொள்வார் என எதிர்பார்க்கவில்லை என்பது அதன் கருத்து. அதனைச் செருக்கென்று கொண்டாரும் உளர். 'இது தேர்வில் வாராது' என்பதுபோன்ற நினைப்பில் எழுதியதே அது என்றும், உண்மையில் அவ்விடத்தில் நிகழ்வது தமக்கே விளங்கியிருக்கவில்லை என்றும் இரிட்சி பின்னாளில் ஒளிவின்றி எழுதினார். ஆக்கியோனுக்கே விளங்காத இடமும் நிரலில் உண்டென்பது இதனாற் பெறப்படும். அத்தகைய இடங்களில் பிறர் கண்ணும் பிறர் உரையுமே விளக்கு.

அவ்விளக்கை அணைக்கும் வேலை 1979-இல் நடந்தது. அவ்வாண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பிற் பாடமாக நடத்தலாகாது என்று தடுத்தது. இலயன்சின் உரைநூலும் உரிமம் பெற்றார்க்கன்றிப் பிறர்க்குக் கிட்டாததாயிற்று. மாணவர் என் செய்தனர்? ஒளிப்படி எடுத்தனர், அவ்வொளிப்படியினின்று மற்றோர் ஒளிப்படி எடுத்தனர். எழுத்து மங்கிய தாள்களைக் களவுப்பொருள்போல் கைமாற்றிக் கற்றனர். ஓர் ஆசிரியர் தம் மாணவர்க்கென எழுதிய உரை, உலகறிய நூலாக வெளிவர 1996-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அதன்பின் ஈராண்டே வாழ்ந்து 1998-இல் இலயன்சு மறைந்தார்.

ஒருவர் தம் உடைமையைக் காத்துக்கொள்வது குற்றமா என்று சிலர் வினவுவர். குற்றமன்று. நிரலை ஆக்கியவர் அதனை விற்கலாம். அவர் இசைவின்றிப் பிறர் விற்பதைத் தடுக்கலாம். தச்சன் தான் செய்த கட்டிலுக்கு விலை சொல்லட்டும். ஆனால், அக்கட்டிலின் மூட்டுவாயை மாணவன் உற்றுநோக்கலாகாது என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை? அவனும் யாரோ ஒருவன் செய்த மூட்டை உற்றுநோக்கித்தானே தொழில் கற்றான்!

தடையிட்டதனால் அவர்கள் எண்ணியதும் நிறைவேறவில்லை. யூனிக்சைப் பாடமாக நடத்தவியலாத நிலையில், ஆம்சுடர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்டுரூ தானன்பாம், அதனைப்போல் இயங்கும் மினிக்சு என்னும் இயங்குதளத்தைத் தாமே எழுதி, ஏறத்தாழ 12,000 வரிகளையும் விளக்கத்தையும் 1987-இல் பாடநூலாகவே வெளியிட்டார். அதனைப் படித்துப் பயின்ற பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்ட்சு, தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக 1991 ஆகத்து 25-ஆம் நாள் மினிக்சு பயில்வோர்க்குப் பொதுவில் அறிவித்துக் கருத்துக் கேட்டார். அப்போது அவர்க்கு அகவை 21. அதுவே இலினக்சு.

மறு ஆண்டுத் தொடக்கத்தில் தானன்பாமே அதனைக் கண்டித்து எழுதினார். எல்லாப் பணிகளையும் ஒரே கருவுக்குள் அடைக்கும் அமைப்பு பழமைப்பட்டது. சிறு கருவொன்றை நடுவில் வைத்துப் பிற பணிகளை வெளியே பிரித்து வைப்பதே முறை என்றார். மாணவர் அஞ்சவில்லை, மறுத்தெழுதினார். சொற்கள் சூடாகவும் இருந்தன. ஆயினும் எல்லாம் அனைவரும் படிக்க நடந்தமையால், இரு பக்கத்து நிறைகுறைகளையும் கற்பார் தாமே எடைபோட முடிந்தது. அச்சொற்போரை இன்றும் இயங்குதளம் கற்போர் தேடிப் படிக்கின்றனர். அம்மாணவர் தொடங்கிய இலினக்சோ, 2017 நவம்பரில் வெளிவந்த மீக்கணினிப் பட்டியலில் உள்ள 500 கணினிகளிலும் இயங்கும் நிலையை எய்திற்று. பூட்டு எதைக் காத்தது? பூட்டியவர்க்கே விடை தெரியும்.

இனி இரண்டாம் நிகழ்ச்சி. திறந்து வைத்தலே போதும் என்று எண்ணி அமர்ந்திருப்பார்க்கு இது பாடம்.

எக்சு.இசட் என்பது தரவுகளைச் சுருக்கிவைக்கும் ஒரு சிறு கருவிநிரல். இலினக்சு அமைப்புகள் பலவற்றின் உள்ளே இருந்து அரவமின்றிப் பணிபுரிவது. அதனை ஊதியமின்றி நெடுங்காலம் பேணிவந்தவர் தனியொருவர். அவர் சோர்ந்திருந்த காலம் பார்த்து, துணை செய்வார்போல் ஒருவர் வந்தார். இரண்டாண்டுக்கு மேல் நற்பணி புரிந்து நம்பிக்கையும் பொறுப்பும் பெற்றார். பின்னர், 2024 தொடக்கத்தில் வெளிவந்த இரு பதிப்புகளில், கணினியைப் பிறர் கைப்பற்றுதற்கு ஏற்ற கள்ளவாயிலை ஒளித்துவைத்தார். ஆய்வுக்கென வைக்கும் கோப்புகளுள் அது புதைக்கப்பட்டிருந்தது. அதனை உள்ளிழுக்கும் வரிகளோ, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் தொகுப்பில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன.

கண்டுபிடித்தவர் ஆண்டிரசு பிராயண்டு என்னும் நிரலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரைநொடி கூடுதலாகச் செல்வதை உணர்ந்தார். அரைநொடிதானே என்று வாளா இருக்கவில்லை. காரணத்தைத் தேடி நிரலுக்குள் இறங்கினார். கண்டதை 2024 மார்ச்சு 29-ஆம் நாள் சான்றுகளோடு உலகறிய எழுதினார். பெரும்பாலான கணினிகளை அடையுமுன்னரே அவ்விரு பதிப்புகளும் விலக்கப்பட்டன.

இதில் எண்ணிப்பார்க்க வேண்டியவை இரண்டு. அந்நிரல் பூட்டப்பட்டிருந்தால் பிராயண்டு காரணத்தைத் துருவிக் கண்டிருக்க இயலாது. திறந்த நிரலின் சிறப்பு அது. ஆனால் அது திறந்தே கிடந்த அத்தனை நாளும், அதனைப் பயன்கொண்ட பெருநிறுவனங்களில் உள்ளே நோக்கியது எது? பேணியவர் தனித்துச் சோர்ந்தபோது தோள்கொடுத்தது எது? எல்லாரும் எடுத்தனர், எவரோ படித்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்தனர். சுவடியைத் திறந்து வைத்தும் படிப்பார் இல்லையெனில், அதனைச் செல்லரிப்பதை யார் அறிவார்?

ஆகவே, நிரல்துறையில் உழைக்கும் இளைஞர்க்கு நாம் சொல்வது இது. நல்ல கட்டுரையோ நிரலோ கண்டால் பிறர்க்குச் சுட்டிக்காட்டுங்கள்; ஆனால் நீங்கள் முதலிற் படியுங்கள். அனுப்பும்போது, அதிற் கண்ட சிறப்பு யாது, ஐயம் யாது, பிழை யாது என்று பத்து வரியேனும் எழுதி அனுப்புங்கள். எழுதுவதைத் தமிழில் எழுதினால், பிறமொழிச் சுவருக்கு அப்பால் நிற்கும் ஒரு மாணவனுக்கும் அது சென்று சேரும். உங்கள் கருத்தை ஒருவர் மறுத்தால் சினவாதீர். மறுப்பும் உரையின் ஒரு கூறே. நீங்கள் நாளும் பயன்கொள்ளும் கருவியைத் தனியே பேணுவார் எவரேனும் இருப்பின், திங்களுக்கு ஒரு மாலையேனும் அவர்க்குத் துணைநின்று, அவர் நிரலின் ஒரு பகுதியையேனும் படித்துச் சரிபாருங்கள்.

சிட்னி ஆசிரியர் செய்தது அவ்வளவே. பிறர் எழுதிய 9,000 வரிகளை ஊன்றிப் படித்தார்; தமக்கு விளங்கியதை மற்றவர்க்கு எழுதிவைத்தார். அதைத் தடுக்க ஒரு பெருநிறுவனத்தின் உரிமத்தாலும் இயலவில்லை. இன்று அத்தகைய தடை பல நிரல்கட்கு இல்லை. கதவு திறந்திருக்கின்றது. உள்ளே சென்று படிப்பதும், படித்ததை எடுத்துரைப்பதும் இனி நம் கடன்.