உறவினரல்லாத இருவர்

கடந்த வாரம் கொழும்பு நிறுவனமொன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு. விண்ணப்பத்தில் என்னைப் பரிந்துரையாளராகக் குறிப்பிட்டிருந்த படுவான்கரை இளைஞர் ஒருவரைப் பற்றி வினவினர். அவரை நான் அறியேன், அவ்வாறே கூறினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பிழை அவருடையது மட்டுமன்று. ‘உறவினரல்லாத இருவர்’ என்று படிவம் கேட்டதும், வாவியின் இக்கரையிலுள்ள பெரிய பெயர்களைத் தேடுமாறு பழக்கியவர்கள் நாம்தாம். (பத்திரிகைக்காரன் பெரிய பெயரா என்பது வேறு கதை.) கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் வதிவிடத்தையும் நன்னடத்தையையும் சொல்லும், வேலைத்திறனைச் சொல்லாது. அதைச் சொல்லத்தக்கவர், உங்களைக் கணக்கெழுத வைத்த மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர். அல்லது வந்தாறுமூலையில் உங்கள் ஆய்வேட்டைத் திருத்திய விரிவுரையாளர். முதலில் அவரது சம்மதத்தைக் கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியொன்றையும் கொடுங்கள்.

அந்த இளைஞர் என்னை வந்து காணட்டும். மண்முனையில் 2014இலேயே பாலம் திறந்தாயிற்று. படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.