கூடலூர், பந்தலூர் பள்ளிக் குழந்தைகளுக்குக் காணொளி வழிப் பேச்சுப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
பேச்சு, மொழிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்,
கூடலூர், பந்தலூர் வட்டங்கள், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாநிலத் திட்ட இயக்குநர் அவர்கள்,
ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், சென்னை – 6.

நகல்: மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், உதகமண்டலம்.

பொருள்: அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பயிலும் பேச்சு, மொழிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே காணொளி வழிப் பேச்சுப் பயிற்சி அளிக்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பேச்சுப் பயிற்சிக்காகக் கூடலூரிலிருந்து உதகைக்குப் போக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், முழுக்க மலைப்பாதை. பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கும் மேல். பேச்சுப் பயிற்சி ஒருமுறை போய் ஊசி போட்டுக்கொண்டு வருவது போன்றதல்ல. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, முக்கால் மணி நேரம், மாதக்கணக்கில் விடாமல் தொடர வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத் தாயோ தகப்பனோ தோட்டத்தில் ஒரு நாள் கூலியை விடுகிறார். பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகிறது. ஆடி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் பயணமே இல்லை. சில முறை போய்விட்டு நிறுத்திவிட்டவர்களே எங்களில் அதிகம். இவர்களைத்தான் ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட அளவுக்குக் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதன் அட்டவணையிலுள்ள 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால் உடலுறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வந்த நிரந்தரக் குறைபாட்டையே அந்த விளக்கம் குறிக்கிறது. திக்கிப் பேசும் பிள்ளையும், எட்டு வயதிலும் மழலை மாறாத பிள்ளையும் அதற்குள் அடங்குவது கடினம். பயிற்சி கொடுத்தால் பெரிதும் தேறக்கூடிய பிள்ளைகள் இவர்களே. ஆகவே இச்சேவைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை நிபந்தனையாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வகுப்பாசிரியரின் பரிந்துரையும் பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீடும் போதுமானவை.

பள்ளிகளில் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் திறன்மிகு வகுப்பறை. அவற்றின் கால அட்டவணையில் பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கினால் போதும். ஆசிரியரின் கைபேசியில் பேசி முடித்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். சாதாரணத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்தும். ‘ஸ’ போன்ற உரசொலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லும் குழந்தையின் நாக்கு எங்கே படுகிறது என்பதைப் பயிற்சியாளர் கண்ணால் பார்த்தாக வேண்டும். எனவே கம்பிவழி இணையம், மைக் உள்ள ஹெட்போன், முகத்தில் வெளிச்சம் விழும் அமைதியான அறை ஆகியவை கட்டாயம் தேவை. இந்த மலையில் மின்சாரம் அடிக்கடி போவதால் யூ.பி.எஸ். இணைப்பும் வேண்டும்.

இம்மனுவின் முதன்மைக் கோரிக்கை இதுதான்: திரைக்கு எதிரே குழந்தையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள், அதன் வீட்டுமொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் அமர வேண்டும். எங்கள் பள்ளிகளில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் பிள்ளைகள் படிக்கிறார்கள். மலையாளம் பேசும் வீடுகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. பணியர் வீட்டுப் பிள்ளை தன் மொழியின் ஒலிப்பில் தமிழ்ச் சொல்லைச் சொன்னால் அது குறைபாடு அல்ல. அதே பிள்ளை தன் வீட்டிலும் ஆத்தாளிடம் மூன்று சொல் சேர்த்துப் பேச முடியாமலிருந்தால் அது குறைபாடு. சென்னையிலிருந்து திரையில் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. தெரியாமல் போனால், நன்றாகப் பேசும் பிள்ளைக்குக் குறை இருப்பதாகப் பதிவாகும். உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளையோ ‘தமிழ் தெரியாதது’ என்று ஒதுக்கப்படும். பின்னதே அதிகம் நடக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஊர்ப் பெண்களைத் தன்னார்வலர்களாக்கி மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம் வழங்கிய முன்மாதிரி அரசிடமே இருக்கிறது. அவ்வாறு ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பிலும் ஒருவரைத் தேர்ந்து, பயிற்சி தந்து, இன்னும் நியாயமான ஊதியத்தில் அமர்த்துமாறு வேண்டுகிறோம். பயிற்சியாளர் சொல்லித்தரும் விளையாட்டையும் சொற்களையும் வாரத்தின் மற்ற நாட்களில் வீட்டில் தொடரவைப்பதும் குழந்தையின் பக்கத்தில் அமரும் அவரே.

பயிற்சியாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் எங்களுக்கு அண்டை மாநிலத்தில்தான் உள்ளது. அதனுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரில் செவிப் பரிசோதனை நடக்க வேண்டும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்குத் திரைவழிப் பயிற்சியால் பயனில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு முன்னுரிமை தேவை. தொடர்பயிற்சி நின்றால் அந்தச் செலவு முழுதும் வீண். பதிவு செய்யப்படும் காணொளிகளைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வைத்திருக்கக் கூடாது.

நிதியைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை செலவிட இடமுண்டு. அத்துடன் மாநில அரசின் ‘விழுதுகள்’ மறுவாழ்வுச் சேவை மையங்களையும் இணைக்கலாம். ஆனால் காணொளி வந்துவிட்டது என்று சொல்லி வட்டார வள மையங்களில் நேரடிப் பணியிடங்களைக் குறைத்தால் நாங்கள் அதை எதிர்ப்போம். பருவத்துக்கு ஒருமுறையாவது பயிற்சியாளர் பள்ளிக்கு நேரில் வர வேண்டும். தொகுப்பூதியத்தில் உழைக்கும் சிறப்புப் பயிற்றுநர்களின் தலையில் இந்தக் காணொளிப் பயிற்சியையும் கூடுதல் வேலையாக ஏற்றிவிடக் கூடாது.

வரும் கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே இவ்விரு வட்டங்களிலும் இதைத் தொடங்கவும், முன்னதாகக் கூடலூரில் பெற்றோருடன் ஒரு கலந்தாய்வு நடத்தவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் தோட்டத் தொழிலாளர்களும் வர முடியும்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல்.